ஆடு சினை பிடிக்கவில்லையா? முதலில் கிடாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி பிறந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த மூன்று மாவட்டங்களிலும் கால்நடை மருந்தகங்களுக்குச் செம்மறி ஆட்டுக்காரர்களிடமிருந்து ஒரே புகார் வரத் தொடங்கும். "பெட்டை ஆடெல்லாம் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருது, சினை நிக்க மாட்டேங்குது." உடனே பெட்டைக்குத் தாது உப்பு, பெட்டைக்குக் குடற்புழு மருந்து, பெட்டைக்கு ஊசி என்று செலவு ஓடும். முப்பது பெட்டைக்கும் பொறுப்பான அந்த ஒரு கிடாவை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. "கிடா நல்லாத்தான் ஏறுது, டாக்டர்" என்றதும் விசாரணை முடிந்துவிடுகிறது.

ஏறுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிடாவின் வேகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரைப் பொறுத்தது. அதைச் சுரக்கும் செல்கள் வெயிலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். விந்தணு உருவாகும் நுண்குழாய்கள் தாங்காது. அதனால் கோடை முடிந்த கையோடு நாளுக்கு ஆறு ஏழு முறை ஏறும் கிடாவின் விந்தில் பாதிக்கு மேல் வால் அறுந்ததும், தலை கழன்றதும், அசையாததுமாக இருப்பது சாதாரணம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதற்குக் காரணம் எளிது. கிடாவின் உடல் வெப்பம் சுமார் 39 டிகிரி செல்சியஸ். விரைகள் அதைவிட 4 முதல் 6 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். அதற்காகத்தான் அவை உடலுக்கு வெளியே தொங்குகின்றன. விரைக்கு மேலே, விரைப்பையின் கழுத்துப் பகுதியில் இரத்தக் குழாய்கள் சுருள்சுருளாகப் பின்னிக் கிடக்கின்றன. கீழே இறங்கும் சூடான இரத்தம், மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு இறங்குகிறது. குளிர் காலத்தில் விரைப்பை சுருங்கி உடலோடு ஒட்டும், வெயிலில் தளர்ந்து தொங்கும், அதன் தோல் வியர்க்கும். விரைப்பையை மட்டும் சூடாக்கினாலே கிடா மூச்சிரைக்கத் தொடங்கும் என்பதிலிருந்து, உடம்பு இந்த இடத்தை எவ்வளவு கவனமாகக் காக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் காற்றின் வெப்பமே 41, 42 டிகிரிக்குப் போகும்போது இரத்தம் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? வியர்வை ஆவியாவது ஒன்றுதான் மிச்சம். தகரக் கொட்டகையில், சுட்ட சிமென்ட் தரையில் படுக்கும் கிடாவுக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

அடுத்து நாள் கணக்கு. கிடாவில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 47 நாள். பிறகு விரையை ஒட்டியிருக்கும் விரைமேல் நாளம் என்ற சுருள் குழாயில் ஊர்ந்து முதிர்ச்சியடைய இன்னும் 10 முதல் 14 நாள். ஆகமொத்தம் இரண்டு மாதம். வெப்பம் தாக்கும் அன்றைக்கு விரைமேல் நாளத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் சரக்கு சில நாள் ஓடும். அதனால் முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதிகம் அடிபடுவது பாதி வளர்ந்த நிலையில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள். அவை வெளியே வரவேண்டிய நேரத்தில், அதாவது இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள், விந்தின் தரம் தரைமட்டத்துக்கு இறங்குகிறது. கத்திரி வெயில் மே 28 ஒட்டி முடிகிறது என்று வையுங்கள். அன்றோடு சூடு தணிந்தாலும் கிடா தேற ஜூலை கடைசி ஆகும். வேலூரில் ஜூன் மாதமும் சில நாள் 39, 40 டிகிரி காய்வது உண்டு. ஆகவே ஆடிப் பாதிக்கு முன் தேறும் என்று எதிர்பார்ப்பதே தவறு. சித்திரையில் வாங்கிய அடியை ஆனியில் பெட்டையின் தலையில் கட்டுகிறோம்.

வெளிநாட்டுப் பாடநூல்களிலும் இப்போது கைப்பேசியில் வரும் வீடியோக்களிலும் "செம்மறிக் கிடாவுக்கு இலையுதிர் காலமே பருவம், பகல் குறையக் குறைய விரை பருக்கும்" என்று சொல்கிறார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. ஐரோப்பாவின் வடபகுதியில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. இருட்டு நீளும்போது மூளையில் சுரக்கும் மெலடோனின் அங்கே பருவத்தைத் தூண்டுகிறது. வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடைவெளி ஒன்றரை மணி நேரம்தான். மெட்ராஸ் சிவப்பு, மேச்சேரி போன்ற நம் ஆடுகள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரக்கூடியவை. நம் கிடாவுக்குப் பருவத்தை வகுப்பவை இரண்டு: வெயில், பச்சைத் தீனி. இரண்டும் ஒரே நேரத்தில் கெடும் மாதங்கள் பங்குனியும் சித்திரையும் வைகாசியும்.

விந்தில் உள்ள நொதிகளை (என்சைம்களை) பற்றி ஆட்டுக்காரர்களிடம் யாரும் பேசுவதில்லை. மருத்துவர்களிலும் பலர் அதை ஆராய்ச்சி நிலையத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கல்லீரல் சோதனைச் சீட்டில் எஸ்ஜிஓடி என்று ஒரு வரி வரும். இன்றைய பெயர் ஏஎஸ்டி. அதே நொதி விந்தணுவின் நடுப்பகுதியில், ஆற்றல் உண்டாக்கும் இடத்தில், நிறைய இருக்கிறது. விந்தணுவின் மேலுறை முழுமையாக இருக்கும்வரை அது உள்ளேயே இருக்கும். உறை கிழிந்தால் சுற்றியுள்ள விந்து நீரில் கசியும். ஆகவே விந்து நீரில் ஏஎஸ்டி உயர்ந்தால், உறை உடைந்த அணுக்கள் பெருகிவிட்டன என்று பொருள். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியும் இப்படியே கசியும். அதில் விரையில் மட்டுமே காணப்படும் ஒரு தனி வகை உண்டு. விந்தணு நீந்துவதற்கான ஆற்றலே பெரிதும் அதை நம்பியிருக்கிறது.

அமிலப் பாஸ்பேட்டேஸ், காரப் பாஸ்பேட்டேஸ் இரண்டும் வேறு கதை சொல்பவை. அவற்றின் பெரும்பகுதி விந்தணுவிலிருந்து அல்லாமல் துணைச் சுரப்பிகளிலிருந்தும் விரைமேல் நாளத்திலிருந்தும் வருகிறது. அந்தச் சுரப்பிகள் டெஸ்டோஸ்டிரோன் இருந்தால்தான் வேலை செய்யும். எனவே இவை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். இந்த அளவை வைத்து விந்தணு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. சுரப்பி வேலை செய்கிறதா என்பது மட்டும் தெரியும். விந்தணுத் தலையின் தொப்பிக்குள் அடைபட்டிருக்கும் ஹையலுரோனிடேஸ், அக்ரோசின் என்ற இரண்டும் கருமுட்டையைச் சுற்றியுள்ள செல் அடுக்கையும் உறையையும் கரைத்து வழி போடுபவை. வெப்பத்தில் அந்தத் தொப்பி முன்கூட்டியே அவிழ்ந்துவிட்டால், அணு நன்றாக நீந்திப் போய்ச் சேர்ந்தாலும் உள்ளே நுழைய முடியாது. நுண்ணோக்கியில் அசைவு திருப்தியாக இருந்தும் சினை நிற்காத கிடாக்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, காக்கும் நொதிகள். விந்தணுவின் உறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம். சூட்டில் உண்டாகும் ஆக்சிஜன் துணுக்குகள் அந்தக் கொழுப்பை அரிக்கும். அதைத் தடுப்பவை சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், கேட்டலேஸ் ஆகியவை. முதலாவதுக்குத் துத்தநாகமும் செம்பும் வேண்டும், இரண்டாவதுக்குச் செலினியம் வேண்டும், மூன்றாவதுக்கு இரும்பு. பச்சை காய்ந்த மாதங்களில் வைட்டமின் ஏவும் ஈயும் சேர்ந்து குறைகின்றன. தாக்கும் சூடு கூடும் அதே நேரத்தில் காக்கும் பொருள் குறைவதால்தான் நம் ஊர்க் கோடை இரட்டை அடியாக விழுகிறது.

ஏஎஸ்டி அளக்கத் தனிக் கருவி வேண்டாம். தாலுகா ஊர்களில் உள்ள எந்த இரத்தச் சோதனைக் கூடத்திலும் இருக்கும் அதே இயந்திரம், அதே மருந்துப் பெட்டி போதும். ஆனால் பிழை வரும் இடங்கள் பல. விந்து எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சுழற்சி இயந்திரத்தில் (சென்ட்ரிஃபியூஜ்) போட்டு நீரைத் தனியே பிரித்துவிட வேண்டும். மேசையில் ஒரு மணி நேரம் கிடந்தால், கிடந்த இடத்திலேயே அணுக்கள் செத்து நொதி கசிந்து, நல்ல கிடாவுக்கும் கெட்ட பெயர் வரும். பிரிக்காமல் உறைய வைத்தால் இன்னும் மோசம், உறைவதே உறையைக் கிழிக்கும். விந்தில் துளி இரத்தம் கலந்திருந்தால் அந்த மாதிரியைக் கீழே ஊற்றிவிடுங்கள், சிவப்பணுவிலும் இதே நொதிகள் இருக்கின்றன. அளவு இயந்திரத்தின் எல்லையைத் தாண்டினால் உப்புக் கரைசலில் நீர்த்து அளந்து, அந்த மடங்கால் பெருக்க வேண்டும். விந்தணு அடர்த்தியான மாதிரியில் இயல்பாகவே நொதி கூடுதலாக இருக்கும் என்பதால், இத்தனை கோடி அணுவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்காத எண்ணுக்கு மதிப்பில்லை. இது பத்திரிகையில் போட்டுப் பொதுவாக ஒரு எல்லைக்கோடு சொல்லக்கூடிய சோதனை அல்ல. ஒரே கிடாவை ஒரே கூடத்தில் தை மாதம் ஒருமுறை, வைகாசிக் கடைசியில் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால்தான் பயன்.

சாதாரண ஆட்டுக்காரர் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தையல்காரர் டேப் ஒன்றும் செங்காவிப் பொடியும் முக்கால்வாசி விடையைக் கொடுத்துவிடும்.

டேப்பால் விரைப்பையின் சுற்றளவை மாதம் ஒருமுறை எடுங்கள். கிடாவை நிற்கவைத்து, பின்னாலிருந்து ஒரு கையால் விரைப்பையின் மேல்கழுத்தைப் பிடித்து விரைகளைக் கீழே தள்ளி, பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றித் தோலோடு ஒட்டினாற்போல் படிய வையுங்கள், இறுக்க வேண்டாம். கட்டைவிரலை இரண்டு விரைக்கும் நடுவே நுழைத்தால் அவை விலகி அளவு கூடிவிடும். விடியற்காலைக் குளிரில் பை சுருங்கியிருக்கும், அப்போது எடுத்தால் அளவு குறையும். எல்லா மாதமும் ஒரே வேளையில் எடுப்பது நல்லது. நம் ஊர்க் கிடா சிறியது. மேல்நாட்டுப் புத்தகத்தில் சொல்லும் 30, 35 சென்டிமீட்டரை எதிர்பார்த்து மிரள வேண்டாம். அந்தக் கிடாவின் போன மாத அளவுதான் அதற்கு அளவுகோல். தையிலிருந்து வைகாசிக்குள் 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தக் கிடாவை ஆனியில் நம்பாதீர்கள். அளக்கும் கையோடு அழுத்தியும் பாருங்கள். விரை திண்ணென்று இருக்க வேண்டும், மாவு உருண்டைபோல அமுங்கக் கூடாது. கீழ்நுனியில் விரைமேல் நாளத்தின் வால் புடைத்திருக்கும். அங்கே கல்போல் கட்டியோ, ஒரு பக்கம் பெரிது ஒரு பக்கம் சிறிதோ இருந்தால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள், அது புரூசெல்லா போன்ற தொற்றாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால் கையுறை இல்லாமல் தொடாமல் மருத்துவரிடம் காட்டி இரத்தச் சோதனை செய்ய வேண்டும்.

வேலிக்கருவேல முள் குத்திய சீழ், விரைப்பைத் தோலில் சொறி, உண்ணி, புழு வைத்த புண் என்று எது வந்தாலும் அந்த இடம் சூடாகும். குளம்பழுகலில் வந்த காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். மருந்து போட்டுப் புண் ஒரு வாரத்தில் ஆறிவிடும், விந்து ஆற இரண்டு மாதம். ஐப்பசி, கார்த்திகையில் நீலநாக்கு நோய் கண்டு பிழைத்த கிடாவுக்கும் இதே கணக்கு. தடுப்பூசிக்குப் பிறகு வரும் லேசான காய்ச்சலையும் கணக்கில் வைத்து, இனச்சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே கிடாவுக்கு ஊசியை முடித்துவிடலாம். ஆட்டுத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் நிலையம் 1932 முதல் நம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. ஊசி கிடைக்கவில்லை என்ற சாக்கு மற்ற மாவட்டத்தாருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இனி செங்காவி. காவிப் பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்து கிடாவின் நெஞ்சில், முன்னங்கால்களுக்கு நடுவே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பூசுங்கள். அது ஏறிய பெட்டையின் பின்முதுகில் நிறம் ஒட்டும். பெட்டையின் பருவச் சுழற்சி 17 நாள். முதல் 17 நாள் மஞ்சள், அடுத்த 17 நாள் காவி, அதற்கடுத்து நீலம் என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும், மாற்றிச் செய்தால் புதிய குறி தெரியாது. பெயின்ட்டும் வண்டி ஆயிலும் கலக்காதீர்கள், தோல் கெடும்; ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் வியாபாரிக்கு அது போதும் விலையைக் குறைக்க. முதல் நிறம் பட்ட முப்பது பெட்டையில் இரண்டு மூன்று மட்டும் மறு நிறம் வாங்கினால் குறை அந்தப் பெட்டைகளிடம். பத்துக்கு மேல் மறு நிறம் வாங்கினால் கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள். திரும்பும் நாளும் செய்தி சொல்லும். 16 முதல் 18 நாளில் திரும்பினால் கரு பிடிக்கவேயில்லை. 25, 30 நாள் கழித்துத் திரும்பினால் பிடித்த கரு வயிற்றில் கரைந்துவிட்டது. வெப்பத்தில் அடிபட்ட விந்தணுவால் பிடித்த கரு இப்படிக் கரைவது உண்டு. கடும் வெயிலில் திரியும் பெட்டையிடமும் அது நேரும்.

விந்தை நேரடியாகப் பார்க்க முடிந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். செயற்கைப் பெட்டைக் குழாயின் உட்புறம் 42 முதல் 45 டிகிரி இருக்கும்படி வெந்நீர் நிரப்பி எடுப்பதே கிடாவுக்கும் நல்லது, மாதிரிக்கும் நல்லது. ஒரு முறைக்கு ஏறக்குறைய 1 மில்லி வரும். நல்ல விந்து பாலாடை நிறத்தில் கெட்டியாக இருக்கும். ஒரு மில்லியில் 200 முதல் 400 கோடி அணு. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி வைத்து, மூடாமல், குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் அலையலையாகச் சுழல வேண்டும். 0 முதல் 5 வரை மதிப்பெண்ணில் 3க்குக் கீழே போனால் சந்தேகம். இங்கே பலர் செய்யும் தப்பு, குளிர்ந்த தகட்டில் வைப்பது. தகடு 37 டிகிரிக்குச் சூடேறியிருக்காவிட்டால் உயிருள்ள அணுவும் அசையாமல் நிற்கும், நல்ல கிடாவைச் சந்தைக்கு அனுப்பிவிடுவோம். நீண்ட ஓய்வுக்குப் பின் எடுத்த முதல் விந்தில் கிழடு தட்டிய அணுக்களே மிகுதி. அதை விட்டுவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுப்பதைப் பாருங்கள்.

தீனியில் நடக்கும் தவறுகள் வெயிலைவிட எரிச்சலூட்டுபவை, ஏனெனில் காசு கொடுத்துச் செய்கிறோம். பொலிகிடாவுக்கு "சத்து" என்று தவிட்டை அள்ளிக் கொட்டுகிறார்கள். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. சில வாரங்களில் சிறுநீர்ப் பையில் கல் சேர்ந்து, ஆண்குறி நுனியில் அடைத்து, கிடா முக்கி முக்கி நின்று செத்துப்போகும். கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற கணக்கு தவறக் கூடாது. பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும் பொலிகிடாவுக்கு வேண்டாம். அதிலுள்ள காசிபால் என்ற நச்சு, மேலே சொன்ன விரைக்கே உரிய லாக்டேட் டிஹைட்ரஜனேஸை முடக்கும், விந்தணுவின் நடுப்பகுதியைச் சிதைக்கும். வளர்ந்த ஆட்டின் வயிறு ஓரளவு அதை முறிக்கும்தான், ஆனாலும் மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்து அதன் பிண்ணாக்கு கிடைக்கும் சீமையில் இருந்துகொண்டு அந்தச் சோதனை எதற்கு? மாட்டுக்கு என்று விற்கும் தாது உப்பையும் செம்மறிக்கு வைக்காதீர்கள். அதில் செம்பு கூடுதல். செம்மறியின் கல்லீரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய் ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போவதைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும். செம்மறிக்கென்றே வரும் கலவையைக் கேட்டு வாங்க வேண்டும்.

35 கிலோ எடையுள்ள ஒரு கிடாவுக்கு இனச்சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நாளுக்கு 300 முதல் 400 கிராம் அடர்தீவனம் போதும். நூறு கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 50 கிலோ, மல்லாட்டைப் பிண்ணாக்கு 20, துவரம்பொட்டு அல்லது உளுத்தம்பொட்டு 26, செம்மறித் தாது உப்பு 2, சுண்ணாம்புக்கல் தூள் 1, சாப்பாட்டு உப்பு 1. பூசணம் பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்கும் போடக் கூடாது, கிடாவுக்குக் கட்டாயம் போடக் கூடாது. திடீரென்று முழு அளவைத் தொடங்கினால் வயிறு புளித்துக் காய்ச்சல் வரும், 100 கிராமில் தொடங்கி பத்து நாளில் ஏற்றுங்கள். இதோடு நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ அகத்தி, வேலிமசால், குதிரைமசால் என்று ஏதாவது பச்சை கிடைத்தால் வைட்டமின் ஏ குறைக்கு வேறு மருந்து தேவையில்லை. கொல்லை வரப்பில் பத்து அகத்தி மரம் நிற்பவர் சித்திரையில் கவலைப்பட வேண்டாம். சூபாபுல் தழையை மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள், முடி கொட்டும். கொழுத்த கிடாவும் ஆகாது; விரைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்தால் சூடு வெளியேறும் வழி மூடிக்கொள்ளும்.

வெயிலிலிருந்து காக்க, பங்குனி பிறந்ததும் கிடாவை மந்தையோடு பகல் முழுக்க அனுப்புவதை நிறுத்துங்கள். காலை 6 முதல் 10, மாலை 4க்கு மேல் இருட்டும் வரை மேய்ச்சல் போதும். நடுப்பகலில் புங்கமரத்தடியோ வேப்பமரத்தடியோ எந்தக் கொட்டகையையும்விட மேல். கொட்டகைதான் என்றால் தகரத்தின் மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ பரப்பி, வெளியே சுண்ணாம்பு அடியுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். தரை மண்ணாக இருக்கட்டும், மாலையில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மே மாதக் காற்று உலர்ந்திருப்பதால் தெளித்த நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். ஐப்பசியில் இதையே செய்தால் குளம்பு அழுகும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்க வேண்டும், கோடையில் ஒரு கிடா 5, 6 லிட்டர் குடிக்கும். பாலாற்றங்கரைக் கிணற்று நீர் உப்புக் கரித்து, வெயிலில் சூடும் ஏறிவிட்டால் அதைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

இனி எங்கள் கருத்தைச் சொல்கிறோம். ஆனி இனச்சேர்க்கையை விட்டுவிட்டு ஆவணிக்குத் தள்ளுவதுதான் இந்த மாவட்டங்களுக்குப் பொருத்தம். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆனியில் சேர்த்தால் குட்டி ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் விழும். அடைமழை, ஈரத் தரை, சளிக்காய்ச்சல், நீலநாக்கு எல்லாம் கூடிவரும் மாதம். ஆவணியில் சேர்த்தால் குட்டி தையில். மானாவாரி மல்லாட்டை பிடுங்கிக் கொடி காய்ந்து போராக நிற்கும், அறுத்த கழனியில் மேய்ச்சல் இருக்கும், தாய்க்குப் பால் சுரக்கும். ஒரு குறை உண்டு: அந்தக் குட்டிகள் பால் மறக்கும் நேரம் சித்திரை வெயில். கொஞ்சம் கொடியும் தீவனமும் அவற்றுக்கென்று ஒதுக்கி வைக்காதவர்களுக்கு இந்தத் திட்டம் பலிக்காது. ஆனியிலேயே சேர்த்தாக வேண்டியவர்கள் ஒரு கிடாவுக்கு 25, 30 பெட்டை என்ற வழக்கமான கணக்கை விட்டு, 15 பெட்டைக்கு ஒரு கிடா வையுங்கள், 17 நாளுக்கு ஒருமுறை கிடாவை மாற்றிவிடுங்கள்.

தள்ளிப்போட முடிவு செய்தால் கிடாவை ஒரு மாதமாவது பெட்டைகள் பார்க்காத, மணம் படாத தூரத்தில் கட்டுங்கள். திரும்பச் சேர்க்கும்போது பல பெட்டைகள் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். அந்தக் கூட்டம் 17 முதல் 25 நாளுக்குள் விழும் என்பதால், முதல் வாரம் கிடா சும்மா நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். தனியே கட்ட இடமில்லாதவர்கள் வயிற்றின் கீழே சாக்குத் துணி மறைப்புக் கட்டலாம். தினமும் அவிழ்த்துக் காயவைக்காவிட்டால் மூத்திரம் ஊறி ஈ மொய்த்துப் புண்ணாகும்.

இந்த ஊருக்கென்றே உள்ள இன்னொரு சிக்கலும் உண்டு. பக்ரீத் 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என்று ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து இப்போது கோடைக்குள் வருகிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். கொம்பும் உடம்புமாக நிற்கும் நல்ல கிடாவுக்கு விலை உச்சத்தில் இருக்கும் நாட்கள் இவை. ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் போவது பட்டியிலேயே சிறந்த கிடா. அதை விற்றுவிட்டு, அதே சந்தையில் மீதி நின்ற ஒன்றை, வெயிலில் வேனில் நின்றுவந்த ஒன்றை, அவசரமாக வாங்கி மறுநாளே மந்தையில் விடுகிறார்கள். அந்தக் கிடாவின் விந்து எப்படி இருக்கும் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு மாதக் கணக்கே பதில். விற்பதைத் தடுக்க முடியாது, அந்தப் பணத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. மாற்றுக் கிடாவை மாசியிலேயே வாங்கி, மூன்று வாரம் தனியே வைத்து நோய் இல்லை என்று பார்த்து, நிழலில் வளர்த்தால் போதும். ஒன்றரை வயதுக்குக் குறைந்த குட்டிக் கிடா என்றால் அதற்கு 15 பெட்டைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு கோரிக்கை. மாட்டுக்கு ஊசி போடும் உறைவிந்துக் குச்சி ஒவ்வொரு தொகுப்பும் ஈச்சங்கோட்டையிலும் உதகையிலும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே வெளியே வருகிறது. செம்மறியில் கருப்பை வாய் வளைந்து வளைந்து இருப்பதால் அந்த முறை பரவவில்லை. எல்லாமே நேரடிச் சேர்க்கைதான். அப்படியானால் சோதனை கிடாவின் மேல்தான் நடக்க வேண்டும், இங்கே அது நடப்பதே இல்லை. கால்நடை மருத்துவ முகாம்களில் ஆனி முதல் வாரத்து முகாமைப் பொலிகிடாவுக்கென்று ஒதுக்குங்கள். நுண்ணோக்கி ஒன்று, சுழற்சி இயந்திரம் ஒன்று, தகடு சூடேற்றும் சிறு பலகை ஒன்று, செயற்கைப் பெட்டைக் குழாய் நான்கு, வெந்நீர்க் குடுவை, வெப்பமானி, டேப், பருவத்துக்கு வந்த பெட்டை ஒன்றிரண்டு இருந்தால் ஒரு காலையில் இருபது கிடாவைப் பார்த்துவிடலாம். அசைவு 3க்குக் கீழே உள்ள கிடாக்களின் விந்து நீரை மட்டும் பிரித்துப் பனிப்பெட்டியில் வைத்து, மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ வேலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்திலோ ஏஎஸ்டி பார்க்கலாம். ஆறு வாரம் கழித்து அதே கிடாவை மறுபடி பாருங்கள். ஏஎஸ்டி இறங்கி அசைவு ஏறியிருந்தால் அது வெயில் அடி, கிடாவை வைத்துக்கொள்ளலாம். அப்படியே நின்றால் கறிக்கு அனுப்பிவிட்டு வேறு கிடா தேடச் சொல்லுங்கள். முகாம் வராத ஊர்க்காரர்கள் 1962 எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும்போது, "பெட்டை சினை நிக்கல" என்பதோடு நிறுத்தாமல், கிடா எத்தனை, எத்தனை நாளில் திரும்பின, கிடாவை எப்போது எங்கே வாங்கினீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் டேப்பும் நுண்ணோக்கியும் எடுத்துக்கொண்டு புறப்படுவார்.

இங்ஙனம்,
செம்மறி இனவிருத்தியில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.